எடைமேடைக் கணினியின் இடது பக்கம்

போன வாரம் சதீஷ் போன் செய்தான். பந்தல்குடி ரோட்டில் இருக்கும் நூற்பாலையில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் அவன்தான். மில்லில் இருக்கிற அத்தனை கம்ப்யூட்டர்களும் இப்போது அவன் பாடு. நல்ல பிள்ளை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவான், என்னைப் போல மூடி மறைக்க மாட்டான்.

“அக்கா, ஒரு டவுட்டு. எடைமேடை மிசின்ல லினக்ஸப் புது வெர்ஷனுக்கு மாத்துறேன். புதுசுல நம்ம பழைய விண்டோ மேனேஜர் ஓட மாட்டேங்குது. அது போகட்டும், வேற ஒண்ணு போட்டுக்கிறலாம். ஆனா பழைய செட்டிங்ஸத் தொறந்து பாத்தா தல சுத்துது. கீ எல்லாம் எடது ஓரத்துல வச்சிருக்கு. டாஸ்க்பார் பட்டையும் எடது பக்கம் நட்டமா நிக்கிது. மவுஸ் பட்டன் மாறிக் கெடக்கு. எந்தக் கிறுக்கன்க்கா இப்படிப் பண்ணுனது?”

“நாந்தாண்டா அந்தக் கிறுக்கி” என்றேன்.

பாவம், பதறிவிட்டான். ஸாரி ஸாரி என்று நாலு தடவை சொல்லிவிட்டு, “ஏன்க்கா அப்படி வச்சீங்க?” என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்றேன். அப்படியென்றால் எழுதுங்கள், புதிதாக வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றான். நான் ஏதோ சாமர்த்தியம் செய்த கதை என்று நினைத்திருப்பான். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முகம் சுடுகிறது. ஆனாலும் கேட்டுவிட்டான், எழுதிவிடுகிறேன்.

பாலவனத்தத்திலிருந்து பஸ் பிடித்து அருப்புக்கோட்டைக்கு வந்து டைப்ரைட்டிங்கில் லோயரும் ஹையரும் முடித்தவள் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் வேலை பார்த்தவர்கள். மகள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறாள் என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம். மில்லில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் தொடப் பயந்தார்கள், நான் தொட்டேன். அப்படியே அது என் தலையில் விழுந்தது. படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம். கெடுத்துவிட்டு முழித்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

எங்கள் மேனேஜர் சொக்கலிங்கம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், இவருக்கு இறங்கும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய அளவுக்கு இறங்கினால் அன்றைக்கு நமக்கு நாள் சரியில்லை என்று அர்த்தம். அவரிடம் எதையும் வாயால் சொல்லி ஒப்பேற்ற முடியாது. “செஞ்சு காட்டும்மா” என்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். செய்து காட்டுவேன். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டார். “சரி. இப்பத் திரும்பிப் பழைய எடத்துக்கு வா” என்பார். எந்த மாற்றமாக இருந்தாலும், திரும்பி வருகிற வழியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அனுமதி. அந்த வழியை அந்த இயந்திரத்தில் உட்காருகிற ஆளுக்கும் காட்ட வேண்டும். அந்த ஆள் ஒரு முறை போய், ஒரு முறை திரும்பி வந்து காட்டிய பிறகே அவர் அந்த இடத்தை விட்டு நகர்வார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். இந்த மனுஷனுக்கு வேறு வேலையே இல்லையா என்று வாய்க்குள் முனகியிருக்கிறேன்.

விண்டோஸின் திருட்டு நகலை வைத்துக்கொண்டு ஓட்டக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டதால் மில் முழுவதும் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸுக்கு மாறியது. மாறியது சரி, இயந்திரங்கள் பழசு. புது லினக்ஸோடு வந்த டெஸ்க்டாப்போ பார்க்க ராஜகுமாரி மாதிரி. நிழல் விழும், சன்னல்கள் மிதந்து மிதந்து திறக்கும். பழைய இயந்திரத்தால் அந்த ஆட்டத்தைத் தாங்க முடியவில்லை. ஒன்றைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அதற்கு வழி தேடும்போதுதான் விண்டோ மேனேஜர் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. கல்யாண வீட்டில் யாரை எங்கே உட்கார வைப்பது, யாரை முன்னால் அழைப்பது என்று பந்தியைக் கவனிக்க ஓர் ஆள் இருப்பாரே, திரையில் அந்த வேலையைப் பார்ப்பது அது. எந்தச் சன்னல் எங்கே நிற்க வேண்டும், எந்தக் கீயை அமுக்கினால் எது முன்னால் வர வேண்டும் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. சமையலுக்கும் அவருக்கும் எப்படிச் சம்பந்தமில்லையோ, அப்படி நம் கோப்புகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆளை மாற்றினாலும் சோறு அப்படியே இருக்கும். ராஜகுமாரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அலட்டிக்கொள்ளாத ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தலாம். அப்படி நான் கண்டுபிடித்த ஆள் ஓப்பன்பாக்ஸ்.

இதையெல்லாம் இப்போது அழகாகச் சொல்கிறேன். முதல் முறை என் இயந்திரத்தில் அதைப் போட்டபோது நடந்தது வேறு. நிறுவினேன். லாக்அவுட் செய்தேன். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிற இடத்தில் சின்னதாக ஒரு பல்சக்கரம் இருக்கும். அதை அமுக்கினால் பழையது வேண்டுமா புதியது வேண்டுமா என்று கேட்கும். புதியதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனேன். வெறும் சாம்பல் நிறத் திரை. படம் இல்லை, பட்டை இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மில்லின் கணக்கெல்லாம் என் கையால் அழிந்தது என்றே நினைத்துவிட்டேன். “ஐயோ போச்சு, எல்லாம் போச்சு!” என்று நான் போட்ட கூச்சலில் ஆபீஸ் முழுக்க எழுந்து நின்றது.

சார் வந்தார். திரையைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த என்னையும் பார்த்தார். “திரும்பி வர்ற வழி என்னம்மா?” என்றார். குரல் நன்றாக இறங்கியிருந்தது. மவுஸைக் கண்டபடி அமுக்கினேன். வலது பட்டனை அமுக்கியபோது நடுத்திரையில் ஒரு பட்டியல் எழுந்து நின்றது. அதன் கடைசி வரியில் லாக்அவுட் இருந்தது. வெளியே வந்து, பல்சக்கரத்தில் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. ஆபீஸே சிரித்தது. ரொம்ப நாளைக்கு எவர் என்னைக் கடந்து போனாலும் “எல்லாம் போச்சு!” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த வெட்கம் துடைத்துப் போட்டுவிட்டுப் போகிற வெட்கம். நான் சொல்ல வந்தது அதை அல்ல.

தங்கப்பாண்டி அண்ணன் எடைமேடையில் இருந்தார். திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம். மில்லில் பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில் வேலை பார்த்தபோது இயந்திரம் அவருடைய வலது கையை இழுத்துவிட்டது. கட்டைவிரலில் பாதி மிச்சம், மற்ற நான்கு விரல்களும் போயின. ஆறி வந்த பிறகு மில் அவருக்கு எடைமேடை அறையில் வேலை கொடுத்தது. பஞ்சு லாரியோ நூல் லாரியோ மேடையில் ஏறி நிற்கும். எடையைக் கம்ப்யூட்டரில் வாங்கிச் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். அவருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தது நான்தான். மவுஸை இடது பக்கம் வைத்து, பட்டனை இடது கைக்குத் தோதாக மாற்றிக் கொடுத்தேன். நாலே நாளில் பழகிவிட்டார்.

தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். வலது கை அந்தத் துண்டுக்குள் இருக்கும். அத்தனை வருஷத்தில் அந்தக் கையை நான் பார்த்தது கிடையாது. மில்லில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சீட்டை டிரைவரிடம் நேராக நீட்ட மாட்டார். இடது கையால் கொடுத்தால் வாங்குகிறவர் மனம் கோணும் அல்லவா? சன்னல் திண்டில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்திருப்பார். சீட்டை அதில் வைப்பார், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எவரும் எதையும் கேட்க வேண்டியதில்லை, அவரும் சொல்ல வேண்டியதில்லை.

என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுவார். மழை விழுந்து கரிசல் காட்டில் அதலக்காய் காய்க்கிற நாட்களில், ஒரு பை நிறையப் பறித்து வந்து என் மேசையில் வைப்பார். “கசக்குதுன்னு ஒதுக்கிறாத தாயி. வெங்காயம் நெறையப் போட்டு வதக்கு” என்பார். நான் அதலக்காய் தின்று வளர்ந்தவள்தான். இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொள்வேன்.

அந்த அறையில் இருந்த இயந்திரம் மில்லிலேயே மட்டமானது. தூசி வேறு. லினக்ஸ் மாறிய பிறகு சீட்டு வர நேரமெடுத்தது. மேடையில் லாரி நிற்கும், பின்னால் ரோடு வரை வரிசை நிற்கும், ஹாரன் காதைக் கிழிக்கும். டிரைவர்கள் இயந்திரத்தையா திட்டுவார்கள்? “ஒத்தக் கையன ஒக்கார வச்சா இப்படித்தேன்” என்று அவர் காதுபடவே பேசினார்கள். அந்தப் பேச்சு முதலாளி வரைக்கும் போனது. சார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “பொங்கலுக்குள்ள வேகம் வரலைன்னா வேற ஆளப் போடச் சொல்றாரும்மா. தங்கப்பாண்டியக் கேட்டுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு ஒக்கார வைக்கலாம்கிறாரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் மேல் ஒரு குறையும் இல்லை, இயந்திரம் நகர மாட்டேன் என்கிறது, பழி அவர் கைக்கா? என்னிடம் மருந்து இருக்கிறது என்று நினைத்தேன். ஓப்பன்பாக்ஸைப் போட்டால் அதே இயந்திரம் பறக்கும். அண்ணன் நாற்காலியும் தப்பும். இதுவரை நான் நினைத்ததில் தப்பில்லை. இனி வருவதெல்லாம் என் அதிகப்பிரசங்கித்தனம்.

ஆயுதபூஜைக்கு மில்லில் வேலை நிற்கும். இயந்திரங்களைத் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். கம்ப்யூட்டர் திரைக்கும் பொட்டு உண்டு. பூஜை முடிந்த பிறகு மறுநாள் வரை ஒரு பொருளையும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் எடைமேடையில்தான் முதல் வேலை தொடங்கும். மாலை போட்ட லாரி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு மேடையேறும். சிப்பம் கட்டுகிறவர்கள், ஸ்பின்னிங்கில் இருக்கும் பெண்கள், ஆபீஸ்காரர்கள் எல்லோரும் எடைமேடை அறையைச் சுற்றி நிற்பார்கள். தங்கப்பாண்டி அண்ணன் முதல் எடை போட்டு, முதல் சீட்டைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைப்பார். பொரி கடலை கொடுத்த பிறகுதான் மில் ஓடும். வருஷத்தில் அந்த ஒரு நாள், அந்த மில்லுக்கே அவர்தான் பெரிய ஆள்.

அந்த நாளில் அவரைப் பறக்க வைத்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. முன்கூட்டிச் சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்று ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் செஞ்சு காட்டு, திரும்பி வா என்று ஆரம்பிப்பார்.

ஆயுதபூஜை அன்று காலையில், அண்ணன் மற்றவர்களோடு கேட்டில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தபோது, நான் எடைமேடை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஓப்பன்பாக்ஸை நிறுவினேன். இயந்திரத்தைப் போட்டதும் பல்சக்கரம் எதையும் கேட்காமல் நேராகப் புதியதற்குள் போகும்படி வைத்தேன். எடை புரோகிராம் தானாக முன்னால் வந்து நிற்கும். படங்களைத் தேடி மவுஸை உருட்ட வேண்டாம், கீயை அமுக்கினால் போதும். எந்தக் கீ? மற்ற புரோகிராம்களோடு மோதாமல் இருக்க வேண்டும், தெரியாமல் கை பட்டு ஓடிவிடவும் கூடாது. யோசித்து, கீபோர்டின் இடது கீழ் மூலையில் இருக்கிற விண்டோஸ் கீயோடு மேல் வரிசையின் வலது கோடியில் இருக்கும் F11 சேர்ந்தால் எடை, F12 சேர்ந்தால் சீட்டு என்று வைத்தேன். அந்தப் பழைய கீபோர்டில் விண்டோஸ் கீ இடது பக்கம் மட்டும்தான் உண்டு. இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தேன். அமுக்கிய வேகத்தில் எடை வந்தது, சீட்டும் கடகடவென்று வந்தது. தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தேன் என்று எழுதிவிட்டேன். படிக்கிற உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. மாலையில் திரைக்குப் பொட்டு வைத்தபோதும் புரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சுண்டல் தின்றபோதும் புரியவில்லை.

மறுநாள் காலையில் லாரி மேடையேறி நின்றது. சூடம் கொளுத்தினார்கள். அறையின் கண்ணாடிக்கு வெளியே நல்ல கூட்டம். சார் முன்னால் நின்றார். அண்ணன் நெற்றியில் சந்தனத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து இயந்திரத்தைப் போட்டார். நான் பொரித் தட்டோடு அறை வாசலில் நின்றேன். வாயெல்லாம் பல்.

திரை வந்தது. அண்ணன் முகம் மாறியது. இடது கையால் மவுஸை அமுக்கினார், அன்றைக்கு நான் பார்த்த அதே பட்டியல் எழுந்தது. மறுபடி அமுக்கினார், மறுபடி பட்டியல். நான் பழையதில் இடது கைக்காக மாற்றி வைத்த மவுஸ் பட்டன், புதியதில் மாறாமல் இருந்தது. பழையதில் சொன்னது புதியதற்குத் தெரியாது, அதனிடம் தனியாகச் சொல்ல வேண்டும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

“என்ன தாயி இது?” என்றார் மெதுவாக.

“புதுசுண்ணே! மவுஸே வேணாம். இந்தா இந்தக் கீ, அந்தா அந்தக் கடைசிக் கீ. ரெண்டையும் சேந்தாப்புல அமுக்குங்க, பறக்கும் பாருங்க.”

சேந்தாப்புல என்ற சொல் என் வாயிலிருந்து வெளியே போனது எனக்கே கேட்டது. அப்போதுதான் புரிந்தது.

அண்ணன் இடது கையின் சுண்டுவிரலை மூலைக் கீயில் வைத்தார். மற்ற விரல்களை விரித்துப் பார்த்தார். எட்டவில்லை. யாருக்கும் எட்டாது. லாரி டிரைவர் சன்னலில் குனிந்து, “நல்ல நேரம் போவுதுண்ணே, அமுக்குங்க” என்றான். அண்ணன் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு துண்டை விலக்கி, வலது கையை எடுத்து மேசை மேல் வைத்தார்.

கண்ணாடிக்கு வெளியே பெண்கள் பக்கத்தில் யாரோ “ச்சூ” கொட்டினார்கள். அந்த ஒரு சத்தம் காதில் விழாமல் இருக்கத்தானே அந்த மனுஷன் அத்தனை வருஷம் துண்டு போட்டிருந்தார்! மிச்சமிருந்த பாதிக் கட்டைவிரலால் F11-ஐ அமுக்கினார். எடை வந்தது. F12-ஐ அமுக்கினார். சீட்டு வந்தது. எங்கள் எடைமேடையில் அதுவரை அத்தனை வேகமாக ஒரு சீட்டு வந்ததில்லை. அவர் அதை இடது கையால் தட்டில் வைத்துவிட்டு, வலது கையைத் துண்டுக்குள் போட்டுக்கொண்டார்.

நான் இரண்டு எட்டுத் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். கையை நீட்டி அந்தக் கீயில் என் விரல் ஒன்றை வைத்திருக்கலாம். பூஜைக்காக நானே அமுக்குகிறேன் என்று ஏதாவது உளறியிருக்கலாம். வைக்கவில்லை. பொரித் தட்டைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். கீயைத் தப்பாக வைத்தது அறியாமை என்று ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். சும்மா நின்றதற்கு என்ன சொல்லித் தேற்றிக்கொள்வது?

சார் மதியம் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். “அந்த மிசின்ல திரும்பி வர்ற வழிய யாருக்கும்மா காட்டுன?” என்றார். குரல் கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை.

“யாருக்கும் காட்டல சார்.”

“யாருக்குக் காட்டியிருக்கணும்?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மேசை மேலிருந்த ஃபைலை எடுத்துப் பிரித்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எடைமேடை அறைக்குப் போனேன். “அண்ணே, நான் நெனச்சுப் பாக்கலண்ணே. உங்களுக்கு நல்லதுன்னுதான்...” என்று ஆரம்பித்தேன். அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “பழசப் போட்டுக் குடுங்க மேடம்.”

மேடம். செருப்பால் அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. பல்சக்கரத்தைக் காட்டினேன், பழையதற்குப் போகிற வழியைக் காட்டினேன். அவர் ஒரு முறை போய்த் திரும்பி வந்து பார்த்துக்கொண்டார். “சரி, நீங்க போங்க” என்றார்.

அன்றிலிருந்து பழையபடி ஆமை வேகம். லாரிகள் நின்றன, ஹாரன் அடித்தது, டிரைவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அண்ணன் அசையவில்லை. பொங்கல் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நாற்காலி போனாலும் போகட்டும், இன்னொரு முறை அந்தக் கையை வெளியே எடுக்கப் போவதில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். அந்த முடிவுக்கு அவரைத் தள்ளியது நான். அந்த வருஷம் நல்ல மழை. காட்டில் அதலக்காய் கொட்டிக் கிடந்ததாகப் பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். என் மேசைக்குப் பை வரவில்லை.

ஒரு நாள் வலது கையைச் சேலை முந்தானையில் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு என் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். “என்ன ராஜி, கையில சுளுக்கா?” என்று ஆபீஸில் கேலி செய்தார்கள். ஒற்றைக் கையால் ஒரு நாள் வேலை பார்த்தபோதுதான் அண்ணன் வருஷக்கணக்கில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது உறைத்தது. ஓப்பன்பாக்ஸில் கீகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே கோப்பு. அதைத் திறந்து ஒவ்வொன்றாக இடது பக்கம் கொண்டுவந்தேன். எடைக்கு F1, சீட்டுக்கு F2 என்று தனித்தனியாக ஒரே கீ, ஒரே விரல். லாகின் ஆனதும் தானாக ஓட வேண்டியவற்றை எழுதி வைக்க இன்னொரு சின்னக் கோப்பு உண்டு. மவுஸ் பட்டனை மாற்றச் சொல்லி அதில் ஒரு வரி சேர்த்தேன்.

இந்த முறை முதலில் சாரிடம் செய்து காட்டினேன், திரும்பி வந்தும் காட்டினேன். பிறகு என் இயந்திரத்தைக் கழற்றி எடைமேடை அறைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஓரமாக வைத்தேன். “அண்ணே, உங்க மிசினைத் தொடல. இதுல பாருங்க. எது எங்க இருக்கணும்னு நீங்க சொல்லுங்க. வேணாம்னா வேணாம், தூக்கிட்டுப் போயிர்றேன்.”

ரொம்ப நேரம் திரும்பியே பார்க்கவில்லை. இரண்டு லாரி போன பிறகு நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார்.

“F1 வேணாம். இங்கன தூசி, மொதக் கீ ஒட்டிக்கிரும். ரெண்டு, மூணு வைங்க.”

வைத்தேன்.

“அந்தப் பட்டை கீழ வேணாம். எடது ஓரமா நட்டமா நிக்கட்டும், மவுஸு தூரம் போக வேண்டியதில்ல.”

நிறுத்தினேன்.

“பழசும் இருக்கணும். எது வேணும்னு காலைல வந்து நான் பாத்துக்கிறேன்.”

அப்படியே வைத்தேன். சில நாள் பழையதில் உட்கார்ந்தார், சில நாள் புதியதில். பொங்கலுக்கு முந்தின வாரம் பல்சக்கரத்தைத் தொடுவதை நிறுத்திவிட்டார். வரிசை ரோடு வரை போவது நின்றது. கேட் பக்கத்து ஸ்டூலைப் பற்றி முதலாளி அப்புறம் பேசவில்லை. வயதாகி ஓய்வு பெறும் வரை தங்கப்பாண்டி அண்ணன் அதே நாற்காலியில்தான் இருந்தார்.

ஆனால் ஓய்வு பெறும் வரை நான் மேடம்தான். கோபமெல்லாம் கிடையாது. பார்த்தால் சிரிப்பார், வீட்டில் சுகமா என்று கேட்பார். அதலக்காய் கூட இரண்டு வருஷம் கழித்து வந்தது, “மேடம், காய் வச்சிருக்கேன்” என்று. அதை வதக்கும்போது அடுப்படியில் நின்று அழுதேன்.

இவ்வளவுதான் சதீஷ், அந்தக் கிறுக்கு செட்டிங்ஸின் கதை.

அன்றைக்குப் போனை வைக்கும் முன் அவனிடம் கேட்டேன்: “இப்ப அந்த ரூம்ல ஒக்கார்ற பையனக் கேட்டியா, மாத்துறதுக்கு முன்னாடி?”

“கேட்டேன்க்கா. அவன்தான் மாத்திக் குடுங்கங்கிறான். எல்லாம் எடப்பக்கமா இருக்கவும் கழுத்து வலிக்கிதாம்.”

இந்தச் சின்னப் பையனுக்கு முதலில் கேட்கத் தோன்றியிருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. “ஒரு நாள் பொறு, சொல்றேன்” என்றேன்.

தங்கப்பாண்டி அண்ணன் நம்பர் என் போனில் இருந்தது. அவர் மில்லை விட்டுப் போன பிறகு நான் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டுக் கேட்க என்ன இருக்கிறது என்று நானே இரண்டு தடவை போனை வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை அடித்தேன். மணி போனது.

“அண்ணே, நான் மில்லு ராஜேஸ்வரி பேசுறேன்.”

“சொல்லுங்க மேடம், நல்லா இருக்கீகளா?” பின்னால் ஆடு கத்தியது.

“அண்ணே, எடைமேடை மிசினை மாத்துறாங்க. நாம வச்சோமே, அந்த எடது பக்கக் கீயெல்லாம் எடுக்கணுங்கிறான், இப்ப அங்க ஒக்கார்ற பையன். எடுத்துறலாமாண்ணே?”

“அதுக்கு என்னைய எதுக்கு மேடம் கேக்குறீக? நான் போயி எத்தன வருசமாச்சு!”

“இல்லண்ணே. உங்களக் கேக்காம மாத்தக் கூடாதுல்ல.”

அவர் ஆட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது.

“எடுத்துறச் சொல்லு தாயி” என்றார். “அந்தப் பயலுக்குத்தேன் ரெண்டு கையும் இருக்கே.”